தொடர்மாடிப் பொது அறைக்கு உடலசைவு வீடியோ கேம் வாங்கலாமா? உடல்நலத்துக்கு உண்மையில் பயன் உண்டா?

கடலோரத்தான் (வெள்ளவத்தை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தொடர்மாடிக் குடியிருப்பாளர் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு முன்னர் இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். கீழ்த்தளத்தில் ஒரு பொது அறை இருக்கிறது. பிறந்தநாள் விழாவுக்கும் சங்கக் கூட்டத்துக்கும் திறப்பதைத் தவிர மற்ற நாட்களில் அது பூட்டியே கிடக்கிறது. அங்கே ஒரு தொலைக்காட்சியும், உடம்பை அசைத்து விளையாடும் வீடியோ கேம் கருவியொன்றும் வைக்கலாம் என்று இளம் குடும்பங்கள் சில எழுத்தில் கேட்டிருக்கின்றன. பிள்ளைகள் ஏற்கெனவே திரையை விட்டு எழும்புவதில்லை, அதற்குச் சங்கப் பணத்தில் இன்னொரு திரையா என்று மூத்தவர்கள் சிலர் எதிர்க்கிறார்கள். இரு பக்கத்தாரின் கவலையும் எனக்கு விளங்குகிறது.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கட்டடத்திலுள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோர் பாடசாலை விட்டு வந்து, சாப்பிட்ட கையோடு பிரத்தியேக வகுப்புக்குப் போய், இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். ஒழுங்கையின் இரு பக்கமும் வாகனங்கள் நிற்பதால் அங்கே ஓடி விளையாட வழியில்லை. மரைன் டிரைவுக்கு இறங்கினால் கடற்காற்று உண்டு, ஆனால் ஒரு பந்தை உருட்டிவிட இடமில்லை. ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் ஓயாத வாகன ஓட்டம். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அந்த நடையும் நின்றுவிடும். முதியவர்களின் பாடு இன்னும் மோசம். ஊரில் வளவும் கிணற்றடியும் கோயிலுமாக நாள் முழுவதும் நடமாடியவர்கள், பிள்ளைகளோடு இங்கே வந்து சேர்ந்தபின் கட்டிலுக்கும் பல்கனிக்கும் இடையில் அடங்கிப் போயிருக்கிறார்கள்.

விளம்பரத்தில் வருவது எனக்கு வேண்டாம். ஆய்வுகளில் தெரிய வந்ததையும் நீங்கள் கண்ணால் கண்டதையும் எழுதினால், கூட்டத்தில் அதை வாசித்துக் காட்டலாம்.

நீலச்சட்டை (தெஹிவளை) எழுதியது:

அண்ணா, நான் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்பவன். வேலை முடிந்து வந்து இந்த விளையாட்டுகளை விளையாடுபவன் என்பதால் கருவிகளைப் பற்றி முதலில் எழுதுகிறேன்.

இது புதிய எண்ணம் அல்ல. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1998இல் ‘டான்ஸ் டான்ஸ் ரெவலூஷன்’ என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. திரையில் அம்புக்குறி ஏறி வரும்போது தரையிலுள்ள தட்டில் அதே திசையை மிதிக்க வேண்டும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் 2006இல் அதைத் தன் அரச பாடசாலைகளின் உடற்கல்விக்குள்ளேயே கொண்டுவந்தது. அதே ஆண்டின் இறுதியில் நின்டெண்டோவின் ‘வீ’ வந்தது, கையில் பிடித்திருக்கும் கட்டுப்படுத்தியை வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசியது. 2010இல் மைக்ரோசொப்டின் ‘கினெக்ட்’ கையில் எதுவுமே இல்லாமல் கமராவால் உடம்பைப் பார்த்தது. பழைய பொருட் கடைகளில் இன்றும் கினெக்ட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் வாங்காதீர்கள். 2017இல் அதன் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். பழுதானால் செய்ய ஒன்றுமில்லை.

இன்று உங்கள் அறைக்குப் பொருத்தமானது என்று நான் கருதுவது, நின்டெண்டோ சுவிட்ச் கருவியில் இயங்கும் ‘ரிங் ஃபிட் அட்வென்ச்சர்’. 2019 ஒக்டோபரில் வெளிவந்தது. கார்ச் சுக்கானைப் போன்ற ஒரு வளையத்தை இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். அதை உள்நோக்கி அமுக்கவும் வெளிநோக்கி இழுக்கவும் நல்ல பலம் வேண்டும். இடது தொடையில் ஒரு பட்டி கட்டப்படும். நின்ற இடத்தில் ஓடினால் திரையிலுள்ள வீரன் ஓடுவான், எதிரி வந்தால் குந்தி எழும்பியும் வளையத்தை அமுக்கியும்தான் வெல்ல முடியும். தொடங்கும்போது வயது, நிறை, வழக்கமான உடற்பயிற்சி ஆகியவற்றைக் கேட்டுக் கடினத்தை அமைக்கிறது. விளையாட்டுக்கு முன்னும் பின்னும் தசைகளை நீட்டும் பயிற்சியும் தருகிறது. தொடர்மாடியில் இருப்பவர்களுக்காகவே ஓர் ஏற்பாடு உண்டு: ஓட்டத்துக்குப் பதிலாக முழங்காலை மெதுவாக மடித்து நிமிர்த்தினாலே போதும் என்று மாற்றிக்கொள்ளலாம், தரை அதிராது.

வேலையிலிருந்து வந்து அரை மணித்தியாலம் அதை ஒழுங்காக விளையாடினால் சட்டை நனைந்துவிடும். தொடை மறுநாள் வலிக்கும். இதை விளையாட்டென்று ஒதுக்குவது சரியல்ல.

மைதானத்தான் (கொழும்பு 6) எழுதியது:

தம்பி நீலச்சட்டை ஆர்வத்தோடு எழுதியிருக்கிறார், அவருடைய உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் பாடசாலையில் உடற்கல்வி கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என் மறுப்பைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன்.

முதலில் ஆய்வைப் பார்ப்போம். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 9 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு வீ கருவியை வீட்டுக்கே கொடுத்து 13 கிழமைகள் கவனித்தார்கள். ஒரு பகுதியினருக்கு உடம்பை அசைக்கும் விளையாட்டுகள், மற்றப் பகுதியினருக்கு உட்கார்ந்து விளையாடுபவை. இடுப்பில் அசைவுமானியைக் கட்டி அளந்து பார்த்தபோது இரு பகுதியினருக்கும் இடையில் உடலியக்கத்தில் வேறுபாடு எதுவும் இல்லை. 2012இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சஞ்சிகையான ‘பீடியாட்ரிக்ஸ்’ இதை வெளியிட்டது. பிரித்தானியாவின் லிவர்பூலில் அதற்கு முன்னர், 2007இல், 13 முதல் 15 வயதினரை வைத்து இன்னொரு ஆய்வு நடந்தது. உட்கார்ந்து விளையாடுவதைவிட வீயில் சக்தி அதிகம் செலவாகிறது, ஆனால் உண்மையான டென்னிஸுக்கோ பந்துருட்டலுக்கோ அது ஈடாகாது, பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட நாளாந்த உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையானதும் அல்ல என்று அங்கே கண்டார்கள்.

ஏன் அப்படி என்பதை உறவினர் வீட்டில் நேரிலேயே கண்டேன். பேரப்பிள்ளை ஒருவன் முதலில் எழுந்து நின்று, காலை அகட்டி, தோளைத் திருப்பித்தான் மட்டையை வீசினான். சற்று நேரம் போனதும் சோபாவில் சாய்ந்துகொண்டான். மணிக்கட்டை மட்டும் ஒரு சொடுக்குச் சொடுக்கினாலும் திரையில் அதே அடி விழும் என்பதைக் கண்டுபிடித்துவிட்டான். அதன்பின் வென்றதெல்லாம் மணிக்கட்டால்தான். கருவி அவனுடைய கையைப் பார்க்கிறதே தவிர, அவன் நிற்கிறானா கிடக்கிறானா என்பதைப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். குறைந்த முயற்சியில் வெல்லும் வழியை எந்த விளையாட்டிலும் தேடுவார்கள். மைதானத்தில் அந்த வழி இல்லை, பந்து ஓடினால் பின்னால் ஓடித்தான் ஆக வேண்டும்.

சங்கத்திடம் பணம் இருந்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை விகாரமகாதேவி பூங்காவுக்கோ சுதந்திர சதுக்கத்துக்கோ கூட்டிச் செல்ல ஒரு வேன் பிடியுங்கள். திரைக்கு அடிமையாகும் பழக்கத்தை நாமே காசு கொடுத்து வளர்க்க வேண்டாம்.

மல்லிகை (பம்பலப்பிட்டி) எழுதியது:

சேர், உங்கள் மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் மைதானம் யாருக்குத் திறந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் பெரியபிள்ளையான பிறகு வீட்டுப் பெரியவர்கள் மட்டுமல்ல, அவளே வெளியில் விளையாடப் போவதை நிறுத்திவிட்டாள். மரைன் டிரைவில் மெதுவாக ஓடினால்கூடப் பார்வைகளும் பேச்சும் பின்னால் வருகின்றன. பாடசாலையில் உடற்கல்வி நேரம் சாதாரண தரப் பரீட்சை நெருங்க நெருங்கப் பாடத்துக்குப் போய்விடுகிறது. இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டுத் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உலகெங்கும் 11 முதல் 17 வயது வரையானவர்களில் 81 சதவீதத்தினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்று தெரிய வந்தது. பெண் பிள்ளைகளில் அது 85 சதவீதம், ஆண் பிள்ளைகளில் 78.

பூட்டக்கூடிய கதவும், கண்ணாடியில் திரைச்சீலையும், அறிந்த அக்காமார் இருவரும் இருந்தால் என் மகள் ஆடுவாள், குதிப்பாள், வியர்ப்பாள். அந்த அறை அவளுக்கு மைதானத்துக்குப் பதிலாக வருகிறது என்று நினைக்காதீர்கள் சேர். அவளுக்கு இப்போது இருப்பது ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்துக்குத்தான் இது வருகிறது.

அடிமையாதல் பற்றியும் ஒரு சொல். உலக சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைநோயைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருப்பது உண்மை, 2022 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டை வைப்பது, கேடு விளைந்தும் தொடர்வது ஆகியவை சாதாரணமாக ஒரு வருடம் அளவுக்கு நீடித்தால்தான் அப்படிச் சொல்கிறார்கள். பூட்டுத் திறப்பு சங்கத்தின் கையில் இருக்கும் பொது அறையில், அயலவர்களோடு நின்று விளையாடும் ஒரு மணித்தியாலத்தை அதோடு சேர்த்துப் பேசுவது பொருந்தாது. படுக்கையில் தனியாகக் கிடந்து நள்ளிரவு வரை கைபேசியில் விளையாடுகிறார்களே, அதைப் பற்றித்தான் நான் அஞ்சுகிறேன்.

கொட்டாஞ்சேனையூரன் எழுதியது:

இழையின் போக்கைச் சற்று மாற்றுவதற்கு மன்னிக்கவும். என் தந்தைக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் பாதிக்கப்பட்டிருக்கிறது. வைத்தியசாலையில் இயன்மருத்துவம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபின் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்ய மனம் வைக்கிறார் இல்லை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது அலுப்பாக இருக்கிறதாம். வெளிநாட்டில் வீடியோ கேம் வைத்துப் பாரிசவாத நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று அண்ணன் கனடாவிலிருந்து சொல்கிறார், கருவியை அனுப்பவும் ஆயத்தமாக இருக்கிறார். தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்ல முடியுமா?

அசைவு (தெஹிவளை) எழுதியது:

நான் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். கொட்டாஞ்சேனைத் தம்பியின் கேள்விக்கு முதலில் பதில் எழுதிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் மிகவும் கவனமாகச் சோதிக்கப்பட்ட விடயம் அதுதான்.

பாரிசவாதத்துக்குப் பின் கையின் செயற்பாட்டைத் திரும்பப் பெறுவதற்கு நான்கு நாடுகளில் வீ கருவியை வைத்து ஒரு பெரிய பரிசோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் வீ விளையாடினார்கள், மற்றப் பகுதியினர் சீட்டு, பிங்கோ, கட்டை அடுக்குதல் போன்ற சாதாரண விளையாட்டுகளை அதே அளவு நேரம் செய்தார்கள். இரு பகுதியினரும் வழமையான சிகிச்சையையும் பெற்றார்கள். 2016இல் முடிவு வந்தபோது இரு பகுதியினரும் முன்னேறியிருந்தார்கள், இவர்கள் அவர்களைவிட மேல் என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை. அடுத்த ஆண்டில், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 72 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததும் ஏறத்தாழ இதையே சொன்னது: வழமையான பயிற்சியின் இடத்தில் வைத்தால் கை செயற்பாட்டில் கூடுதல் பயன் இல்லை, வழமையான பயிற்சியோடு சேர்த்து, மொத்தப் பயிற்சி நேரத்தைக் கூட்டுவதற்குப் பயன்படுத்தினால் பயன் இருக்கலாம்.

இதை வாசித்துவிட்டு மனம் தளர வேண்டாம் தம்பி. சேதமடைந்த மூளை வேறு வழியைக் கற்றுக்கொள்வது திரும்பத் திரும்பச் செய்வதால்தான். அப்பாவுக்கு அலுப்பாக இருப்பதும் அதே காரணத்தால்தான். ஆகவே அலுப்பைக் குறைக்கும் எதுவும் மருந்துதான். அண்ணா அனுப்பும் கருவி அந்த வேலையைச் செய்யும், வீட்டிலுள்ள சீட்டுக்கட்டும் செய்யும். அப்பா முன்பு ‘304’ விளையாடுபவராக இருந்தால், சீட்டை இடது கையால் எடுத்துப் போட வேண்டும் என்ற விதியோடு மாலையில் இருவர் சேர்ந்து அவரோடு உட்காருங்கள். கருவி வந்தாலும் தனியே விட வேண்டாம். பாதிக்கப்பட்ட பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், கையை மேலே இழுத்துத் தூக்கிவிடக் கூடாது, அந்தத் தோள்மூட்டு எளிதில் நழுவும். முதலில் உட்கார்ந்தபடியே விளையாடட்டும். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை உங்கள் இயன்மருத்துவர் ஒருமுறை நேரில் பார்த்துச் சொல்லவேண்டும். இங்கே எழுதுவது அதற்கு ஈடாகாது.

இனி வெள்ளவத்தை அண்ணாவின் கேள்வி. மைதானத்தான் சேர் காட்டிய ஹூஸ்டன் ஆய்வு சரியானது. அதோடு சேர்த்து வாசிக்க வேண்டிய இன்னோர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் அதிக நிறையுள்ள 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குக் கினெக்ட் கருவியை வீட்டுக்குக் கொடுத்தார்கள். ஆனால் கருவியோடு நிற்கவில்லை. கிழமைக்கு மூன்று நாட்கள், ஒரு மணித்தியாலம், குடும்பத்தவர் அல்லது நண்பர் ஒருவரோடு விளையாட வேண்டும் என்று ஓர் ஒழுங்கு வைத்தார்கள். பயிற்சியாளர் ஒருவர் காணொளி அழைப்பில் வந்து, எப்படிப் போகிறது என்று பிள்ளையோடும் பெற்றோரோடும் பேசிக்கொண்டிருந்தார். ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் உடல் நிறைக் குறியீடு, குருதியமுக்கம், கொலஸ்திரோல் மூன்றும் மற்றப் பகுதியினரைவிட நல்ல நிலைக்கு வந்தன, உடலியக்கமும் கூடியது. சிறிய ஆய்வுதான், 46 பிள்ளைகள். 2018இல் வெளிவந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹூஸ்டனில் கருவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள், லூசியானாவில் கருவியோடு ஓர் ஆளையும் ஒரு நேரத்தையும் கொடுத்தார்கள். சங்கம் பணம் ஒதுக்குவதென்றால் முதலில் ஒதுக்க வேண்டியது அந்த ஆளுக்கும் நேரத்துக்கும். கருவியை மட்டும் வாங்கி வைத்துத் திறப்பைப் பலகையில் தொங்கவிட்டால், சேர் கண்ட சோபாக் காட்சிதான் உங்கள் அறையிலும் நடக்கும். அங்கே பயிற்சியாளர் செய்ததை உங்கள் கட்டடத்தில் ஓர் அக்காவோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ செய்யலாம். “போன கிழமை ஏன் வரவில்லை?” என்று கேட்கும் ஒருவர் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

முதியவர்களுக்குத்தான் அந்த அறையில் அதிக இலாபம் கிடைக்கும் என்று நான் நம்புகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் கிழமைக்குக் குறைந்தது மூன்று நாட்கள் சமநிலைக்கும் தசைப்பலத்துக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. நடை நல்லது, ஆனால் நடையில் மட்டும் தொடைப்பலமும் சமநிலையும் போதிய அளவு வராது. விழுவதைத் தடுப்பவை அவை இரண்டும்தான். காலை மாற்றி நிறையை ஏற்றுவது, கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்புவது, வளையத்தை மார்புக்கு முன்னால் பிடித்து அமுக்குவது ஆகியவை சமநிலையையும் பலத்தையும் ஒருசேர வளர்க்கும். என்னிடம் வரும் அம்மா ஒருவர் தன் பேரனின் வளையத்தை அமுக்குவதைப் பார்த்தேன். இரண்டு முழங்கையும் நடுங்க, உதட்டைக் கடித்துக்கொண்டு, திரையிலுள்ள கோடு நிரம்பும்வரை விடாமல் பிடித்தார். பத்தாகச் செய்யுங்கள் என்று நான் சொன்னால் ஆறில் நிறுத்திவிடுபவர் அவர். திரையில் ஆங்கிலத்தில் வருவதைப் பேரன் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தத் துணையையும் உங்கள் ஏற்பாட்டில் சேருங்கள், ஏனென்றால் எங்கள் முதியவர்களில் பலரால் அந்தத் திரையைத் தனியே வாசித்து விளையாட முடியாது.

பாதுகாப்பு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முதியவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால், சில்லு இல்லாத கனமான கதிரையொன்று சுவரோடு சேர்த்து இருக்க வேண்டும். இறப்பர்ச் செருப்போடும் வெறும் காலுறையோடும் விளையாட வேண்டாம், சப்பாத்து போடட்டும். நீரிழிவு உள்ளவர்களின் உள்ளங்காலை விளையாடிய பின் பார்க்க வேண்டும். நோயால் உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. இன்சுலின் போடுபவர்களும் கிளிக்ளசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றோடு வரக் கூடாது. குருதியில் சீனி குறைந்து நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் வந்தால் விளையாட்டை நிறுத்திச் சீனி போட்ட தேநீர் கொடுங்கள். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் ஆழமாகக் குந்த வேண்டாம், அரைவாசி மடித்தால் போதும். குருதியமுக்கம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், வைத்தியரைக் கேட்ட பிறகு வரட்டும். இளைஞர்களும் அளவோடு தொடங்க வேண்டும். வீ வந்த புதிதில் பல மணித்தியாலம் டென்னிஸ் விளையாடித் தோள்த் தசைநாண் வீங்கிய ஒரு வைத்தியர், தன் நோயைப் பற்றித் தானே 2007இல் மருத்துவச் சஞ்சிகையொன்றுக்கு எழுதியிருக்கிறார்.

கடுமை போதுமா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. விளையாடும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் போதாது. ஒரு வசனம் பேசவே மூச்சு வாங்கினால் முதியவருக்கு அது அதிகம்.

மைதானத்தான் எழுதியது:

அசைவு அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. மல்லிகை அவர்கள் சொன்னதையும் யோசித்தேன். நாங்கள் கற்பித்த காலத்திலேயே பெண் பிள்ளைகள் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு வந்ததும் விளையாட்டு நேரத்தில் சுகவீனக் கடிதம் கொண்டுவருவார்கள். அதைத் தடுக்க எங்களுக்கும் வழி தெரிந்திருக்கவில்லை. அவர்களுக்கென்று அறை திறப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

ஆனால் புதுமை போன பிறகு என்ன என்ற கேள்வி நிற்கிறது. ‘போக்கிமொன் கோ’ 2016இல் வந்தபோது நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கைபேசியை நீட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் பூச்சி மிருகங்கள் பிடிபடும் விளையாட்டு அது. அமெரிக்க இளைஞர்களின் கைபேசியில் பதிவான காலடிக் கணக்கை வைத்து ஆராய்ந்தார்கள். முதற் கிழமையில் நாளொன்றுக்குச் சராசரியாக 955 காலடிகள் கூடியிருந்தன, ஆறாம் கிழமையில் பழைய அளவுக்கே திரும்பிவிட்டார்கள். உங்கள் அறையிலும் ஆறாம் கிழமை வரும். அப்போது என்ன செய்வதாக இருக்கிறீர்கள்?

நீலச்சட்டை எழுதியது:

சேர், அந்த ஆய்வை நானும் வாசித்திருக்கிறேன், சரியாகவே சொன்னீர்கள். அதே ஆண்டில் மைக்ரோசொப்ட் ஆய்வாளர்கள் செய்த கணக்கொன்றும் உண்டு. விளையாட்டில் உண்மையாக ஈடுபட்டவர்களை மட்டும் எடுத்தால் 30 நாட்களில் நாளொன்றுக்கு 1473 காலடிகள் கூடியிருந்தன. முன்பு குறைவாக நடந்தவர்களுக்கும் பயன் கிடைத்தது. எல்லோருக்கும் ஒட்டாது, ஒட்டியவர்களுக்குப் பயன் பெரிது என்பதே நான் விளங்கிக்கொண்டது.

ஆறாம் கிழமைக்கு என் பதில், ஒரே விளையாட்டில் நிற்காமல் மாற்றுவது. ரிங் ஃபிட் கதை அலுத்தால் நடன விளையாட்டுக்குப் போகலாம், இருவர் இருவராகப் போட்டி வைக்கலாம். மணிக்கட்டால் ஏமாற்றும் வழி ரிங் ஃபிட்டில் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். தொடைப் பட்டி கால் மடங்குவதை அளக்கிறது, வளையம் அமுக்கும் பலத்தை அளக்கிறது. சோபாவில் கிடந்துகொண்டு அதில் வெல்ல முடியாது.

வரவுசெலவு (வெள்ளவத்தை) எழுதியது:

நானும் அதே கட்டடத்தில் குடியிருப்பவன், சங்கக் கணக்கைப் பார்ப்பவன். 2022இல் ரூபாய் விழுந்தபின் இறக்குமதியாகும் எந்த மின்னணுப் பொருளும் எங்களைப் போன்ற சிறிய சங்கத்துக்குப் பெரிய செலவுதான். மின்தூக்கி பராமரிப்புக்கும் மின்பிறப்பாக்கி எண்ணெய்க்கும் போக மிஞ்சுவது கொஞ்சம். வாங்கிய பின் கட்டுப்படுத்தி உடைந்தால் யார் கொடுப்பது? எல்லா வீட்டாரிடமும் சந்தா வாங்கி, சில வீட்டுப் பிள்ளைகள் மட்டும் பயன்படுத்தினால் பிரச்சினை வரும். முதலில் இரவலாக ஒரு கருவியை வைத்து நடத்திப் பார்த்து, யார் யார் வருகிறார்கள் என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, அதன் பிறகு வாங்குவதைப் பற்றித் தீர்மானிக்கலாம் என்பது என் நிலைப்பாடு.

அசைவு எழுதியது:

பதிவேடு நல்ல யோசனை. அதில் வருகையோடு இன்னும் ஒன்றை எழுதுங்கள். முதியவர்கள் கைகளை மார்பில் மடித்துக்கொண்டு, 30 விநாடியில் கதிரையிலிருந்து எத்தனை முறை எழும்பி உட்கார முடிகிறது என்பதைத் தொடக்கத்திலும் பிறகு மாதத்துக்கு ஒருமுறையும் எண்ணுங்கள். வைத்தியசாலைகளில் நாங்களும் செய்யும் சோதனைதான், கதிரையும் கடிகாரமும் போதும். இந்த எண்ணிக்கை கூடினால் வாங்குவதற்கு வரவுசெலவு அவர்களிடம் ஒரு காரணம் இருக்கும். கூடாவிட்டால் பணம் மிச்சம்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2005–2006இல் இலங்கையின் ஏழு மாகாணங்களில் செய்த ஆய்வில் கிராமப்புறத்தில் வளர்ந்தோரில் 8.7 சதவீதத்தினருக்கும், நகர்ப்புறத்தில் 16.4 சதவீதத்தினருக்கும் நீரிழிவு இருந்தது. நகரத்தில் ஏறத்தாழ இரட்டிப்பு. வளவிலிருந்து தொடர்மாடிக்கு வந்தவர்களின் கால்களை நான் நாளாந்தம் பார்க்கிறேன். வெட்டியெடுக்கப்பட்ட விரல்களோடு வருபவர்களும் இருக்கிறார்கள்.

கடலோரத்தான் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கூட்டத்தில் நான் முன்வைக்கப்போகும் வரைவு இது. நீலச்சட்டைத் தம்பி தன் கருவியைப் பரீட்சார்த்தமாகத் தருவதாகத் தனிமடலில் சொல்லியிருக்கிறார், அறைக்குரிய தொலைக்காட்சியை மூன்றாம் மாடிக் குடும்பமொன்று தருகிறது. மூன்று மாதம் நடத்திப் பார்ப்போம். செவ்வாய், வியாழன் மாலை ஏழரையிலிருந்து எட்டரை வரை பிள்ளைகளுக்கு, பெற்றோர் ஒருவர் கட்டாயம் அறையில் நிற்க வேண்டும். சனிக்கிழமை மாலை பெண் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் மட்டும், திரைச்சீலை நான் தைப்பித்துத் தருகிறேன். ஞாயிறு காலை முதியவர்களுக்கு, ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு பேரப்பிள்ளையோ அயல்வீட்டுப் பிள்ளையோ நிற்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் கையில் திறப்புக் கொடுக்கப்படாது. சேர் சொன்ன பூங்காப் பயணத்தையும் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலைக்குச் சேர்த்திருக்கிறேன். அறைக்கு வரும் பிள்ளைகள் அதற்கும் வர வேண்டும் என்று வைப்போமா என்று கூட்டத்தில் கேட்பேன்.

இன்னும் நிரப்பப்படாமல் இருப்பது ஓர் இடம். ஞாயிறு காலையில் கதிரைகளை அடுக்கி, எழும்பி உட்காருவதை எண்ணிப் பதிவேட்டில் எழுதி, வராதவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க ஒருவர் வேண்டும்.

மைதானத்தான் எழுதியது:

என் வீடு உங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் வருகிறேன். விளையாட்டு தொடங்க முன் கால் மணித்தியாலம் என் முறையில் கைகால் நீட்டும் பயிற்சி நடக்க வேண்டும், அந்த நேரத்தில் தொலைக்காட்சி அணைந்திருக்க வேண்டும். சில்லு இல்லாத கதிரைகள் எத்தனை இருக்கின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள். போதாவிட்டால் கோயில் மண்டபத்தில் இரவல் கேட்கலாம்.